கூண்டு வண்டியும் கூரைக் கூடாரமும்

நண்பர் ஒருத்தர் போன வருஷம் தன் வண்டி கூரையில் ஹார்ட் ஷெல் ரூஃப்டாப் டென்ட் மாட்டினார். வீட்டு வாசலில் நிற்கும்போது பார்த்தால் பெரிய சூட்கேஸைப் படுக்கவைத்துக் கட்டினமாதிரி இருக்கும். "அழகர்கோவிலுக்கு வண்டி கட்டிப் போறவங்களப் பத்தி ரெண்டு வருஷமா நோட்ஸ் எடுத்துக்கிட்டே இருக்கீங்கள்ல, இதுவும் வண்டி கட்டிப் போறதுதான். ஒரு ராத்திரி வந்து பாத்துட்டு எழுதுங்க" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் யோசித்துப் பார்த்தால் சரியான ஒப்பீடு அதுதான் என்று தோன்றியது. பாராட்டோ திட்டோ, இந்தப் பதிவு அங்கிருந்துதான் வருகிறது.

போனோம். அழகர்கோவில் பக்கத்தில் அவருக்குத் தெரிந்தவர் வழியாகச் சொல்லிவைத்த ஒரு மாந்தோப்பு. அவரும் அவர் மனைவியும் மேலே கூடாரத்தில். நான் கீழே, தோப்புக் காவல்காரப் பெரியவர் கொடுத்த கயிற்றுக் கட்டிலில். (கூடாரத்தில் ரெண்டு பேருக்குத்தான் இடம். மூணாவது ஆள் என்ன செய்வான் என்ற கேள்விக்கு இந்தப் பொருளிடம் பதிலே கிடையாது.)

முதலில் பொருளைப் பற்றி. துணிக்கூடாரத்தை மடித்து உறை போட்டு மூடினால் அது சாஃப்ட் ஷெல். மேலும் கீழும் கெட்டியான ஓடு, அலுமினியமோ ஃபைபரோ, நடுவில் துணியும் மெத்தையும் மடிந்து கிடந்தால் ஹார்ட் ஷெல். அதிலும் ரெண்டு ஜாதி. ஒரு முனையில் கீல் வைத்து முதலை வாய்மாதிரி திறப்பது ஒன்று, மூடி முழுவதும் நாலு பக்கமும் சமமாக எழும்புவது இன்னொன்று. பூட்டை எடுத்து லேசாகத் தள்ளினால் போதும், டிக்கிக் கதவைத் தூக்குகிற மாதிரியான கேஸ் தண்டு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நண்பர் திறந்து ஏணியைச் சாத்தி முடிக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மெத்தையும் தலையணையும் உள்ளேயே விரித்தபடி இருக்கிறது. தரை ஈரமானாலும் சேறானாலும் கவலையில்லை. இதை யாரும் குறை சொல்ல முடியாது. தரைக்கூடாரத்தோடு மழையில் ஒருதரம் மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இது புதுச் சரக்கும் இல்லை. இத்தாலியின் 'மஜ்ஜியோலினா' என்ற கெட்டி ஓட்டுக் கூரைக்கூடாரம் 1958-லிருந்து இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் டிராபன்ட் காருக்குக்கூட கூரைக்கூடாரம் செய்தார்கள். அந்தக் காரின் மொத்த எடையே அறுநூறு கிலோ சொச்சம்தான். அதன் தலையில் ஒரு குடும்பம் ஏறிப் படுத்திருக்கும் பழைய போட்டோக்களைப் பார்த்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். வெளியூர் போக வழி குறைவு, ஓட்டல் குறைவு, கையில் இருப்பது ஒரே ஒரு சின்னக் கார். அதை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கதை வேறு. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வெட்டவெளி. தரையில் படுத்தால் கழுதைப்புலி வரும், சிங்கம் வரும். மேலே ஏறுவது அங்கே உயிர்ப் பிரச்சினை.

இங்கே? பாம்பு உண்டு, தேள் உண்டு, கட்டெறும்பு நிறைய உண்டு. ஆனால் இந்த மூன்றுக்கும் நம்மாட்கள் கண்டுபிடித்த உயரம் ஒன்றரை அடி. கயிற்றுக் கட்டில். அதற்கும் மேலே ஏறிப் படுத்தார்கள் என்றால் அது பரண். தினைக்கும் சோளத்துக்கும் காவல் இருக்கப் போட்டது, சும்மா படுத்துத் தூங்க இல்லை. யானை நடமாடும் காட்டுப்பக்கம் போனாலோ, கூரைக்கூடாரம் சரியாகத் தும்பிக்கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. அழகர்கோவிலில் யானைக் கவலை இல்லை. குரங்குதான். கோவில் வாசலில் தேங்காய்மூடியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடும் அதே கூட்டம். மண் தரை மனுஷனுக்கு, கூரை தனக்கு என்பது குரங்கின் சட்டம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு நண்பர் கூடாரத்தைத் திறந்ததும் நாலு குரங்கு வந்து ஓட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு, எங்க இடத்தில் உனக்கென்ன வேலை என்கிற மாதிரி பார்த்தன. பெரியவர் கவட்டையை எடுத்துக் காட்டினார், கல் வைக்கவில்லை, போய்விட்டன.

இனி எடை. இந்த விஷயத்தை விற்கிறவர்கள் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள், அதனால் நான் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். ஒரு கெட்டி ஓட்டுக் கூடாரம் சுமாராக 55-லிருந்து 80 கிலோ இருக்கும். அதோடு அதைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளின் எடை. ஓடும் வண்டியின் கூரை எவ்வளவு தாங்கும் என்று வண்டிக் கையேட்டில் போட்டிருப்பார்கள். பல வண்டிகளுக்கு அது 50, 75 கிலோ அளவில்தான். நின்ற வண்டிக்குக் கணக்கு வேறு. எடை நேராகத் தூண்கள் வழியாக இறங்குவதால் அதைப்போலப் பல மடங்கு தாங்கும், ரெண்டு பேர் ஏறிப் படுத்தால் ஒன்றும் ஆகாது. "முந்நூறு கிலோ தாங்கும் சார்" என்று கடையில் சொல்வது இந்த நின்ற கணக்கு. ஆபத்து ஓட்டத்தில் இருக்கிறது. திருப்பத்தில், திடீர் பிரேக்கில், மேலே இருக்கும் 70 கிலோ பக்கவாட்டில் இழுக்கும். நத்தம் ரோட்டில் ஆடு குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்கிற வேகத்துக்கு இது சேரவே சேராது. போதாததுக்கு நம்மூரில் விற்கும் பல வண்டிகளில் கூரைத் தண்டவாளம் என்று தெரிவது வெறும் அலங்காரம். அதில் கூடாரம் மாட்டுவது மீசையில் வாளி தொங்கவிடுகிற மாதிரி.

சட்டமும் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இதை இறுக்கிச் சொன்னது. கழற்றி மாட்டக்கூடிய கூடாரம் 'மாற்றம்' ஆகுமா, வெறும் சரக்கு ஆகுமா என்பதை ரோட்டில் கைகாட்டி நிறுத்துகிற அதிகாரி முடிவு செய்வார். நண்பரை இதுவரை ஒரே ஒருமுறை நிறுத்தியிருக்கிறார்கள். அதுவும் உள்ளே என்ன இருக்கு என்று பார்க்கும் ஆசையில்.

இதெல்லாம் பொறியியல். எனக்கு இந்தப் பொருளோடு இருக்கும் சண்டை வேறு இடத்தில்.

ஆடி மாசம் அழகர்கோவிலுக்கு வண்டி கட்டி வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மானாமதுரைப் பக்கம், காரியாபட்டிப் பக்கம், இன்னும் தெற்கே ராமநாதபுரம் ஜில்லா வரை. மானாமதுரையிலிருந்து எழுபது கிலோமீட்டர் சொச்சம். மாட்டு நடைக்கு ரெண்டு மூணு நாள். முன்னே ஊர் ஊராக வந்தது, இப்போது லாரியும் டிராக்டரும் மினி வேனும்தான் அதிகம். ஆனாலும் சில ஊர்க்காரர்கள் வைராக்கியமாக இன்னும் மாட்டு வண்டியில்தான் வருகிறார்கள். தேரோட்டம் பார்ப்பது, பதினெட்டாம்படிக் கருப்பனுக்குக் கிடா வெட்டுவது, புள்ளைக்கு முடியிறக்குவது, நூபுர கங்கையில் குளிப்பது என்று எல்லாம் ஒரே பயணத்தில்.

அந்தக் கூண்டு வண்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூங்கில் பிளாச்சை வளைத்து மேலே பாய் வேய்ந்த கூண்டு. இதுவும் ஹார்ட் ஷெல்தான், மடிக்க முடியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். உள்ளே வைக்கோல் பரப்பி மேலே சாக்கு, அதற்கும் மேலே ஜமுக்காளம். முன்னும் பின்னும் படுதா. உள்ளே படுப்பது கிழவி, கைப்புள்ளைக்காரி, சின்னப் புள்ளைகள். மத்தவர்கள் வண்டிக்கு அடியில். அச்சுக்குக் கீழே ஒரு அரிக்கேன் விளக்கு. ஆக ஒரு வண்டி ரெண்டு மாடி வீடு. மேல்மாடி முடியாதவர்களுக்கு, தரைத்தளம் முடிந்தவர்களுக்கு.

கூரைக்கூடாரம் இதை அப்படியே தலைகீழாக்குகிறது. ஏணி ஏறத் தெம்பு இருக்கிறவனுக்கு மெத்தை. முழங்கால் தேய்ந்தவர்களுக்கும், ராத்திரி ரெண்டுதரம் எழுந்து போகிறவர்களுக்கும், குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இடமில்லை. அன்றைக்கு ராத்திரி ஒரு மணி வாக்கில் நண்பரின் மனைவி இறங்க வேண்டியிருந்தது. செருப்பு கீழே, டார்ச் எங்கேயோ, ஏணிப்படி பனியில் வழுக்குகிறது. பெரியவரின் நாய் குரைத்துத் தோப்பையே எழுப்பிவிட்டது. "இதுக்கு நம்ம ஊட்டு மொட்டைமாடியே தேவல" என்று அவர் இருட்டில் சொன்னது எனக்குக் கேட்டது. நான் தூங்குகிறமாதிரி இருந்துகொண்டேன்.

இன்னொன்று. மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டி வீடாகிவிடும். முன்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டால் அது பாட்டுக்கு நிற்கும். மாடு தண்ணிக்குப் போகலாம், மேயலாம், ஆள் கடைக்குப் போகலாம். வீடு நின்ற இடத்தில் நிற்கும். கூரைக்கூடாரத்தில் வீடும் மாடும் ஒரே உடம்பு. காலையில் பால் வாங்கக் கள்ளந்திரி போகணும் என்றால் மெத்தையைச் சுருட்டி, ஏணியை மடக்கி, துணியை நாலு பக்கமும் உள்ளே தள்ளி, பூட்டிக்கொண்டு போகணும். திறக்க ரெண்டு நிமிஷம் என்றேன், மூடப் பத்து நிமிஷத்துக்கு மேல். பனியில் நனைந்த துணியை அப்படியே மூடிப் பகல் முழுக்க வெயிலில் ஓட்டினால் சாயங்காலம் திறக்கும்போது வரும் வாடை, அதை விளம்பரத்தில் காட்ட மாட்டார்கள். கடைசியில் பெரியவர் சைக்கிளில் போய்ப் பால் வாங்கிவந்தார்.

அந்த விளம்பர வீடியோக்கள் நிறையப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே படம். ஏரிக்கரை, அந்தி வெளிச்சம், ஒரு வண்டி, ஒரு காபிக் கோப்பை. கூடாரத்தைவிட முக்கியமாக அதில் விற்பது ஒன்று உண்டு. சுற்றிலும் ஆளே இல்லை. எங்கே வேண்டுமானாலும் நிறுத்து, யாரையும் கேட்க வேண்டாம்.

மதுரைச் சீமையில் அப்படி ஒரு இடத்தை எனக்குக் காட்டுங்கள். கண்மாய் என்றால் அதில் பாசன உரிமை ஒரு ஊருக்கு, மீன் குத்தகை ஒருத்தருக்கு, கரையில் கிடை போடுவது இன்னொருத்தர். தோப்பு என்றால் மரம் ஒருத்தருடையது, காய் குத்தகை வேறொருத்தருடையது. புறம்போக்கு என்றால் அங்கே யாரோ ஒருவருடைய ஆடு மேய்ந்துகொண்டிருக்கும், ஒரு சாமி உட்கார்ந்திருக்கும். அழகர்மலை காப்புக்காடு. பழமுதிர்சோலைக்குப் போகும் மலைப்பாதையும் பொழுது சாய்ந்தால் மூடிவிடும். 2018 மார்ச் 11 குரங்கணி தீக்குப் பிறகு, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு, காட்டுக்குள் போவதும் தங்குவதும் வனத்துறை அனுமதிக்குள் இறுகிவிட்டது. அது நியாயம்தான். 'எங்கே வேண்டுமானாலும்' என்பது இங்கே எங்கேயும் இல்லை.

அழகரே அப்படித்தானே பயணம் போகிறார்? சித்திரையில் கள்ளர் கோலத்தில் கிளம்பி, பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று வந்து, பௌர்ணமி விடியலில் வைகையில் இறங்கி, வண்டியூர், தேனூர் மண்டபம், ராமராயர் மண்டபம், சேதுபதி மண்டபம் என்று தங்கி, பூப்பல்லக்கில் திரும்புகிறார். வழியில் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள். சாமியும் இங்கே தானே இடம் பார்த்துத் தங்குவதில்லை. ஒருத்தர் கூப்பிடணும், பந்தல் போடணும், தண்ணீர் தெளிக்கணும். ஒரு ராத்திரி தங்குவது என்பது இந்தப் பக்கத்தில் எப்போதும் ரெண்டு பேர் விஷயம். தங்குகிறவர் ஒருத்தர், இடம் கொடுக்கிறவர் ஒருத்தர்.

இதோடு நிறுத்தினால் பழைய காலம் பொன்னான காலம் என்று எழுதுகிற இன்னொரு கட்டுரையாகிவிடும். அது பொய். இடம் கொடுக்கிறவர் எல்லோருக்கும் கொடுக்கவில்லை. அன்றைக்குத் தோப்பில் கட்டிலைப் போட்டுக்கொண்டே பெரியவர் கேட்டார், "தம்பி எந்த ஊரு?" சொன்னேன். "ஊருக்குள்ள எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். "அப்ப நீங்க…" என்று இழுத்தார். நல்ல மனுஷன், கட்டில் கொடுத்தார், பால் வாங்கித் தந்தார், நாயை அடக்கினார். ஆனாலும் அந்தக் கேள்விக்குச் சரியான பதிலுள்ளவர்களும் தவறான பதிலுள்ளவர்களும் இந்த நாட்டில் உண்டு. தொ. பரமசிவன் 1989-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்த 'அழகர் கோயில்' ஆய்வில் இந்தக் கோவிலுக்கும் சுற்றியுள்ள ஒவ்வொரு சாதிக்கும் இருக்கும் உறவைத் தனித்தனியாக எடுத்துப் பேசுகிறார். தனித்தனியாகப் பேச வேண்டியிருந்ததே ஒரு சேதிதான். மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள்ளேயே எல்லோரும் போக 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்த ஊர் இது. மண்டபத்துத் திண்ணையும் தோப்பு நிழலும் மட்டும் அதற்கு முன்னால் எல்லோருக்கும் திறந்தா கிடந்திருக்கும்?

அந்தக் கேள்வியிலிருந்து தப்பிப்பதுதான் கூரைக்கூடாரத்தின் உண்மையான கவர்ச்சி என்று நினைக்கிறேன். சாகசமெல்லாம் மேல்பூச்சு. கல்யாணமாகாத ஜோடி, தனியாகப் போகும் பெண், பேரைச் சொன்னதும் 'ரூம் இல்லை' என்ற பதிலை ஒருதரம் கேட்டவர், இவர்கள் எல்லோருக்கும் தன் கூரையைத் தன்னோடு கொண்டுபோகும் ஆசை வருவதில் என்ன தப்பு? அந்த ஆசையை நான் கிண்டல் செய்ய மாட்டேன். வண்டி கட்டிப் போன கதையைச் சொல்லும்போது கண்கலங்குகிறவர்களைவிட இவர்கள்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் பொருள் அந்த வாக்கைக் காப்பாற்றுகிறதா? இல்லை. சக்கரம் நாலும் யாரோ ஒருவருடைய மண்ணில்தான் நிற்கிறது. தண்ணீர் கீழே, கக்கூஸ் கீழே, நிழல் கீழே, நாய் கீழே. ஆறடி மேலே ஏறிவிட்டதால் கேள்வி கேட்கிறவர் போய்விடுவதில்லை. அண்ணாந்து பார்த்துக் கேட்கிறார், அவ்வளவுதான். போதாததுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் பெட்டி ஒன்று தலைமேல் இருந்தால் கேள்வியின் தொனி மாறுகிறது, "சார்" சேர்ந்துகொள்கிறது. தெருவைக் கேட்பதற்குப் பதிலாக விலையைக் கேட்கிறார்கள். இதை ஒரு விடுதலை என்று எடுத்துக்கொண்டால் அது காசு இருக்கிறவர்களுக்கான விடுதலை.

கேள்வி இல்லாமல் படுத்து எழுந்திருக்க எது உதவும் என்று பார்த்தால் பதில் ரொம்பச் சாதாரணம். பொது இடம், ஒரு குழாய், பூட்டும் தண்ணியும் உள்ள கக்கூஸ், ஒரு விளக்கு. சித்திரைத் திருவிழா ராத்திரியில் மதுரை இதைச் செய்து காட்டுகிறது. தல்லாகுளத்திலும் வைகைக் கரையிலும் லட்சக்கணக்கானவர்கள் லாரிக்கு அடியிலும் வேன் கூரையிலும் பிளாட்பாரத்திலும் படுத்துக் கிடப்பார்கள். மாநகராட்சி தண்ணீர்த் தொட்டி வைக்கும், நடமாடும் கழிப்பறை நிறுத்தும். எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை, கேட்டு முடியாத கூட்டம். அந்த ரெண்டு மூணு ராத்திரிக்கு மட்டும் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்பது கிட்டத்தட்ட உண்மை. மிச்ச நாளுக்கு? கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலா என்று ஒரு கொள்கை அறிவித்தது, அதில் வண்டி நிறுத்தும் பூங்காவும் உண்டு. அதுகூட ரிசார்ட் கணக்கில் போகிற விஷயமாகத்தான் தெரிகிறது. அழகர்கோவில் கோட்டைச் சுவரை ஒட்டி, வேன்காரரும் வண்டிக்காரரும் கூரைக்கூடாரக்காரரும் ஒரே கட்டணத்தில் நிறுத்த ஒரு மைதானம் என்று யாராவது திட்டம் போட்டால் நான் மனுவில் முதல் கையெழுத்துப் போடுவேன்.

நண்பர் இதைப் படித்துவிட்டு "அப்ப வாங்காதீங்கன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். அப்படி இல்லை. ரெண்டே பேர், நீண்ட பயணம், ஒவ்வொரு ராத்திரியும் வேறு ஊர், மழைக்காலம் என்றால் இதைவிட நல்ல படுக்கை கிடையாது. கையேட்டில் உங்கள் வண்டிக் கூரையின் ஓட்டக் கணக்கைப் பாருங்கள். கூடாரமும் கம்பியும் சேர்ந்து அதற்குள் வந்தால் வாங்குங்கள், வராவிட்டால் வண்டியை மாற்றும்வரை பொறுங்கள். ஊருக்குள் ஓட்டும் நாட்களில் கழற்றி வைத்துவிடுங்கள், டீசலாவது மிஞ்சும். அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிற பயணத்துக்கு எடுக்காதீர்கள்.

வருகிற ஆடிக்கு அவர் கூடாரத்தோடு வருகிறார். மானாமதுரைப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு வண்டிக்காரக் குடும்பம் எனக்குப் பழக்கம். அவர்கள் அவிழ்க்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துவதாகப் பேச்சு. வண்டிக்காரரிடம் போனில் சொன்னபோது அவர் ரெண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொண்டார். அந்த வண்டிக்கு அடியில் நிழல் விழுமா, ராத்திரி எஞ்சினை ஓடவிட்டு மாட்டை மிரட்டுவார்களா. நிழல் விழும், எஞ்சின் ஓடாது என்று சொல்லியிருக்கிறேன்.